வலி வந்தால் சொல்லவும்

மார்ச் 4, செவ்வாய்

பாவாயி நோட்டும் பேனாவும் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். இனி எனக்குப் பொழுது போகும். பாவாயி என் மனைவி. என் பெயர் செங்கோடன். மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கியே வயது எழுபத்தொன்று ஆகிவிட்டது. போன மாதம் எழுத்தறிவுத் தேர்வு எழுதித் தேறினேன். வகுப்பில் மூத்தவன் நான்தான், கெட்டிக்காரனும் நான்தான் என்று டீச்சர் சொன்னார். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பார். இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது, நெஞ்சின்மேல் யாரோ மூட்டையை இறக்கி வைத்துவிட்டு எடுக்க மறந்துபோன மாதிரி இருந்தது. வேர்த்துக் கொட்டியது. பாவாயி சத்தம் போட்டு ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டாள். அன்றிலிருந்து இந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். முதலில் கண்ணாடி அறை, இன்று பொது வார்டு.

எழுத்து ஒவ்வொன்றாகத்தான் வருகிறது. 'ஞ' எழுதும்போது நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறேன். அது எழுத்தின் கஷ்டம், வேறொன்றும் இல்லை.

படுத்தபடியே படிக்கவும் முடிகிறது. எதிர்ச் சுவரில் 'கைகளைச் சோப்பு போட்டுக் கழுவவும்' என்று இருக்கிறது. படித்த உடனே எழுந்துபோய்க் கழுவிவிட்டு வந்தேன். நர்ஸ் மெர்லின் சிஸ்டர் திட்டினார். இத்தனை வருடம் சுவர்களெல்லாம் என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. நான் பாட்டுக்குப் போயிருக்கிறேன்.

மதியம் இரண்டு டாக்டர்கள் வந்தார்கள். பெரிய டாக்டர் மனோன்மணி அம்மா. சின்ன டாக்டர் இர்ஃபான். இரண்டு பேரும் என் கால்மாட்டில் நின்று பேசிக்கொண்டார்கள். ஞாபகம் இருக்கிறவரை எழுதுகிறேன்.

"ஐயா, உங்களுக்கு வந்தது ஹார்ட் அட்டாக்தான். நல்லவேளை, ரத்தக்குழாய் முழுசா அடைக்கல" என்றார் பெரிய டாக்டர்.

"மேடம், நாளைக்கே ஆஞ்சியோ பண்ணிடலாமே" என்றார் சின்னவர். என் பக்கம் திரும்பி, "மணிக்கட்டு வழியா மெல்லிசா ஒரு குழாயை இதயம் வரைக்கும் விட்டு, சாயம் ஊத்திப் படம் எடுப்போம், ஐயா. அடைப்பு எங்கேன்னு தெரிஞ்சிடும். தேவைன்னா அப்பவே ஸ்டென்ட் வச்சிடலாம்" என்றார்.

"இவர் கிட்னி ரிப்போர்ட் பாத்தீங்களா? ஏற்கனவே சோர்ந்திருக்கு. சாயம் ஊத்தினா இன்னும் சோர்ந்துபோகலாம். மருந்துக்கு வலி நின்னுருச்சு. எதுக்கு அவசரம்?"

"நின்ன வலி திரும்பி வந்தா?"

"வந்தா பண்ணுவோம்."

அவர்கள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் ஜெயித்தவர் பக்கம் போயிருப்பேன். "இதுல எதுங்க சரி?" என்று கேட்டேன்.

"ரெண்டுமே சரிதாங்க ஐயா" என்றார் சின்ன டாக்டர். பெரியவரும் தலையை ஆட்டினார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் தேர்வில் ஒரு கேள்விக்கு ஒரு விடைதான் இருந்தது. இரண்டு விடையும் சரியென்றால் கேள்வியில்தான் ஏதோ தப்பு.

கடைசியில் பெரிய டாக்டர் இப்படி முடித்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் மாத்திரை, ஊசியோட பாப்போம். நாளாக நாளாக நடக்க விடுவோம். வலி வரலைன்னா சனிக்கிழமை வீட்டுக்குப் போலாம். வலி வந்தா ஆஞ்சியோ. சின்ன வலி வந்தாலும் உடனே சொல்லணும்."

இது மட்டும் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. வெள்ளிவரை ஒரு தேர்வு. வலி வராவிட்டால் பாஸ்.

மார்ச் 5, புதன்

காலை இட்லி. உப்பில்லாத சட்னி. வயிற்றில் ஊசி போட்ட இடமெல்லாம் நாவல்பழம் மாதிரி கறுத்திருக்கிறது. இரத்தம் உறையாமல் இருக்கத்தான் அது என்றார் மெர்லின் சிஸ்டர். கழிப்பறைவரை நடந்து வந்தேன். ஒன்றும் இல்லை.

அடுத்த கட்டிலில் துரைராசு என்ற லாரி டிரைவர். அவருக்கு முந்தாநாள் ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். அதிலிருந்து வார்டுக்கே அவர்தான் டாக்டர்.

"பெருசு, ஒண்ணும் பயமில்ல. மயக்க மருந்துகூடக் கெடையாது. டிவி பாக்கற மாதிரி என்ர நெஞ்ச நானே பாத்தேன்" என்றார்.

"அதென்னங்க கை இப்படி இருக்குது?"

மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வீங்கி, கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. இடது கையால் கரண்டி பிடித்துத்தான் சோறு தின்கிறார்.

"உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருச்சாமா. தானா வத்திரும்கறாங்க. இப்போதைக்கு ஒரு டம்ளர்கூடப் புடிக்க முடியல."

"எல்லாருக்கும் அந்தக் கையிலதானுங்களா கொழாய உடுவாங்க?"

"வலது கையிலதான் உடுவாங்களாமா. ஏன், உனக்கு வேற பக்கம் வேணுமா? வாய் வழியா உடச் சொல்லட்டா?"

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இந்தப் பேனா பாவாயி வாங்கியது. நல்ல பேனா. வழவழவென்று ஓடுகிறது.

மார்ச் 5, மாலை

திருப்பூரிலிருந்து மகள் தவமணி போனில் பேசினாள். அவள் பக்கத்து வீட்டு அக்கா, ஸ்டென்ட் வைத்தால் ஒரே நாளில் சரியாகிவிடும் என்றாளாம். அதே அக்காவின் கொழுந்தனார் ஸ்டென்ட் வைக்காமல் மாத்திரையிலேயே பல வருடமாக நன்றாக இருக்கிறாராம்.

"அப்ப என்ன கண்ணு பண்றது?"

"அதாம்ப்பா எனக்கும் தெரீல. நீங்க டாக்டர் சொல்றதக் கேளுங்க."

"எந்த டாக்டர் சொல்றத?"

போன் கட்டாகிவிட்டது. அல்லது அவளே வைத்துவிட்டாள்.

மார்ச் 6, வியாழன்

இன்று வராந்தாவில் நடக்க அனுமதி. பாவாயி கூடவே வந்தாள்.

வராந்தா முழுக்கப் பலகைகள்! 'அமைதி காக்கவும்.' படித்துக் காட்டினேன். 'எச்சில் துப்பாதீர்.' படித்துக் காட்டினேன். 'மருந்தகம் இடப்புறம்.' இதில் 'ற'வைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தேன், ஆனாலும் விடவில்லை. பாவாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு பலகைக்கும் "அட, அப்படியாக்கும்!" என்றாள். 'எச்சில் துப்பாதீர்' என்பதற்கும் அப்படியே சொன்னாள். அவள் முகத்தைப் பார்க்க நன்றாக இருந்தது.

எக்ஸ்ரே அறை தாண்டியதும் நின்றேன். தாடையில் ஏதோ ஏறியது. அங்கே ஒரு பலகை இருந்தது வசதியாகப் போயிற்று. அதைப் படித்து முடிக்கிறவரை நின்றேன். பிறகு சரியாகிவிட்டது. திரும்பி வரும்போதும் ஒரு பலகையில் நின்றேன்.

"போறப்பவே இதப் படிச்சீங்களே?" என்றாள் பாவாயி.

"ரெண்டாந்தடவ படிச்சாத்தான் அம்மிணி மனசுல நிக்கும். டீச்சர் சொல்லியிருக்காங்க."

மெர்லின் சிஸ்டர் வந்து, "நடந்தீங்களா தாத்தா? நெஞ்சு வலி இருந்துச்சா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். நெஞ்சுவலி இல்லைதான். வந்தது பல்வலி.

மார்ச் 6, மாலை

அந்தப் பக்கம் எனக்குப் பல் கிடையாது. இப்போதுதான் ஞாபகம் வந்தது.

மார்ச் 7, வெள்ளி

தேர்வின் கடைசி நாள்.

காலையில் இரண்டு டாக்டர்களும் வந்தார்கள். "வலி?" என்றார் பெரியவர்.

"இல்லீங்க."

"நடக்கும்போது? மூச்சு வாங்குதா? கை, தோள், தாடை எங்கயாவது ஒரு மாதிரி இருக்கா?"

தாடை என்று அவராகவே சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "இல்லீங்க" என்றேன்.

"பாத்தீங்களா இர்ஃபான், மருந்து நல்லா வேலை செய்யுது. நாளைக்குக் காலையில அனுப்பிடலாம்."

சின்ன டாக்டர் உடனே போகவில்லை. என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "ஐயா, எதையும் மறைக்கலையே?" என்றார்.

"மறைக்கறதுக்கு என்னங்க இருக்குது?"

போய்விட்டார். மனசு என்னவோ போல இருந்தது. பாஸாகிவிட்டேன், ஆனால் போன மாதம் பாஸான மாதிரி இல்லை.

மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் மேஸ்திரி ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு லாரிக்கு அனுப்புவார். யாராவது தோள் வலிக்கிறது, இடுப்பு பிடித்திருக்கிறது என்று சொன்னால் யாரும் திட்ட மாட்டார்கள். "பாவம், ரெஸ்ட் எடுத்துக்கப்பா" என்பார்கள். மறுநாள் அவன் பெயரைக் கூப்பிட மாட்டார்கள். அதற்கு மறுநாளும் கூப்பிட மாட்டார்கள். அதனால் எங்கள் ஆட்களிடம் எப்போது கேட்டாலும் "சௌக்கியங்க" என்றுதான் பதில் வரும். மாரப்பன் என்று ஒருவன் சௌக்கியங்க என்று சொல்லிவிட்டு மூட்டையோடு உட்கார்ந்தவன்தான், எழுந்திருக்கவே இல்லை. இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. கோடு போட்டு அடித்தால் அசிங்கமாக இருக்கும். இருக்கட்டும்.

மார்ச் 7, மாலை

மாட்டிக்கொண்டேன்.

மதியம் பாவாயியோடு நடக்கப் போனேன். இன்று கொஞ்சம் அதிகமாக நடக்கச் சொல்லியிருந்தார்கள். லிஃப்ட் பக்கத்தில் திரும்பும்போது நெஞ்சில் மூட்டை இறங்கியது. சுற்றிலும் பார்த்தேன். அந்தச் சுவரில் பலகை ஒன்றும் இல்லை. சிவப்பாக ஒரு உருளை தொங்கியது. அதன்மேல் எழுத்துகள் இருந்தன. அதன் முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"இதுல என்னங்க போட்டிருக்குது?"

மூச்சைப் பிடித்துக்கொண்டு, "நோயாளிகள் நிதானமாக நடக்கவும்" என்றேன்.

"அட, அப்படியாக்கும்!"

கொஞ்ச நேரம் நின்றோம். எனக்கு வேர்த்தது. நல்லவேளை, மெர்லின் சிஸ்டர் அந்தப் பக்கம் வந்தார். நல்லவேளை என்று அப்போது நினைத்தேன்.

பாவாயி பெருமை தாங்காமல், "சிஸ்டரு, இங்க எல்லாமே நல்லா எழுதிப் போட்டிருக்கீங்க. நோயாளிங்க நிதானமா நடக்கோணும்னு இந்தச் செவப்பு டப்பாவுல கூட போட்டிருக்குதுங்களே" என்றாள்.

சிஸ்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாட்டி, அது தீ அணைக்கிற மிஷினு. எழுதியிருக்கிறது எல்லாம் இங்கிலீஷு. தாத்தா உங்களை ஏமாத்துறாரு!"

பாவாயி சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள். முந்தானையால் துடைத்தாள். துணி நனைந்தது.

"இங்கிலீசு உங்களுக்குத் தெரியாதல்லோ?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்கு நின்னீங்க?"

பதில் சொல்ல மூச்சு வேண்டுமே.

"நேத்து எக்ஸ்ரே ரூம்புகிட்ட எதுக்கு நின்னீங்க? படிச்சதையே எதுக்குப் படிச்சீங்க?" பாவாயி எழுத்துத் தெரியாதவள். ஆனால் நான் நின்ற இடங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள், ஒன்றையும் விடவில்லை. பிறகு சிஸ்டரிடம், "இவருக்கு வலிக்குதுங்க. சொல்ல மாட்டீங்கறாரு. தயவு பண்ணிப் பாருங்க" என்றாள்.

சிஸ்டரின் சிரிப்பு போய்விட்டது. சக்கர நாற்காலி வந்தது. நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்தார்கள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். வலி மெதுவாக இறங்கிப் போய்விட்டது, ஆனால் ஈ.சி.ஜி. காகிதத்தில் அது மாட்டிக்கொண்டது. முதல் நாள் எடுத்ததற்கும் இன்று எடுத்ததற்கும் வித்தியாசம் இருக்கிறதாம்.

பெரிய டாக்டர் வந்தார். கோபப்படுவார் என்று பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் தேவலை.

"ஐயா, நான் மாத்திரை போதும்னு சொன்னது மிஷினைப் பாத்து இல்ல. உங்க வாயை நம்பி. வலி இல்லைன்னு நீங்க சொன்னீங்க, அதனால அனுப்பப் பாத்தேன். வீட்டுக்குப் போற வழியிலயே உயிர் போயிருக்கும். எதுக்கு மறைச்சீங்க?"

"வலின்னு சொன்னா ஃபெயிலுங்களே" என்றேன்.

"என்னது?"

"வலி வந்தா ஆஞ்சியோன்னு சொன்னீங்களே."

"ஆஞ்சியோன்னா பயமா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். பயமில்லை. நெஞ்சுக்குள் என்ன விட்டாலும் எனக்குப் பரவாயில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவாயி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துரைராசு தூங்குகிற மாதிரி படுத்திருந்தார். அவர் கை போர்வைக்கு வெளியே இருந்தது.

"இந்தக் கையிலதானுங்க இப்பத்தான் எழுத்து வந்திருக்குது" என்றேன். வலது கையைத் தூக்கிக் காட்டினேன்.

யாரும் சிரிக்கவில்லை. சின்ன டாக்டர் என் கையை வாங்கி மணிக்கட்டில் நாடி பார்த்தார். பிறகு கீழே வைத்துவிட்டு, இடது கையை எடுத்து அதிலும் பார்த்தார்.

"இதுல நாடி இன்னும் நல்லா இருக்கு. இடது பக்கமே பண்ணிக்கலாம். சில பேருக்கு அப்படித்தான் பண்றோம்."

"இடது பக்கம் பண்ண முடியுங்களா?"

"முடியும் ஐயா."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

"கேட்டிருந்தா செவ்வாய்க்கிழமையே சொல்லியிருப்பேன்."

இத்தனை நாள் எது சரி, எது சரி என்று எல்லோரையும் கேட்டேன். இந்த ஒன்றை மட்டும் யாரையும் கேட்கவில்லை.

துரைராசு கண்ணைத் திறக்காமலே, "பெருசு, என்ர கையைப் பாத்துத்தான் பயந்தியா? அடப் பாவி மனுசா, வீக்கம் பாதி வத்திருச்சு பாரு" என்றார். வத்தித்தான் இருந்தது. புதன்கிழமைக்குப் பிறகு நான் அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

பாவாயி சோறு வைத்தாள். பேசவில்லை.

மார்ச் 8, சனி

சாயத்தைக் கிட்னி தாங்க வேண்டும் என்று நேற்றிலிருந்து உப்புத்தண்ணீர் ஏற்றுகிறார்கள். பெரிய டாக்டரின் ஏற்பாடு. சாயத்தைக் குறைவாக ஊற்றச் சொல்லியிருக்கிறார். அதனால் அவர் சொன்னது இன்னும் தப்பாகிவிடவில்லை என்று நினைக்கிறேன். சின்ன டாக்டர் சொன்னதுதான் நடக்கப் போகிறது என்றாலும். இன்னும் குழப்பம்தான்.

சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன். அதைப் பற்றி நிறைய எழுதலாம். தள்ளுவண்டி வந்துவிட்டது.

பாவாயி இன்னும் பேசவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இடது மணிக்கட்டில் கட்டு. வலது கையால் எழுதுகிறேன்.

அந்த அறை குளிர். ஊசி போட்ட இடம் மரத்துப்போனது. சின்ன டாக்டர் பச்சை உடையில் இருந்தார். கண்ணை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. துரைராசு சொன்னது உண்மை. மேலே டிவி மாதிரி ஒன்றில் என் நெஞ்சு தெரிந்தது. சாயம் ஊற்றியதும் கறுப்பாக ஒரு செடி முளைத்து, ஆடி, மறைந்தது. திரும்ப ஊற்றினார்கள். திரும்ப முளைத்தது. ஒரு கிளை நடுவில் நூலாக மெலிந்திருந்தது.

"அங்கதான் ஐயா. மத்த ரெண்டு இடத்துல கொஞ்சம் இருக்கு. அதை மேடம் சொன்ன மாதிரி மாத்திரைக்கு விட்டுடலாம். இதை மட்டும் சரி பண்றோம். இப்ப உள்ள ஒரு சின்ன பலூன் ஊதுவேன். அப்ப வலி வரும். வந்தா சொல்லணும்."

ஊதினார். மூட்டை இறங்கியது. அதே எடை. தாடைக்கு ஏறியது. வாயை மூடிக்கொண்டேன். வேண்டுமென்று மூடவில்லை. அதுவாக மூடிக்கொண்டது.

"ஐயா?"

நான் மேலே அந்தச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஐயா, வலிக்குதா? நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

"வலிக்குதுங்க" என்றேன்.

சொன்ன பிறகு அறையில் ஒன்றும் ஆகிவிடவில்லை. யாரும் என்னை அனுப்பிவிடவில்லை.

"எங்க?"

"நெஞ்சுல. தாடைக்கு ஏறுது."

"நடக்கறப்ப வந்துச்சே, அதே வலியா?"

"அதேதாங்க."

"நல்லது. அப்ப இந்த இடம்தான்." அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. நான் வலிக்கிறது என்று சொல்லி ஒருவர் சந்தோஷப்பட்டது என் ஆயுசில் இதுதான் முதல் தடவை. பலூனை இறக்கினார். மூட்டையை யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். மூச்சு உள்ளே போனது, போய்க்கொண்டே இருந்தது. நெஞ்சுக்குள் இவ்வளவு இடம் இருக்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

வெளியே கொண்டுவந்து கட்டிலில் போட்டதும் பாவாயி வந்து நின்றாள். இரண்டு நாளாகப் பேசாத வாயைத் திறந்து, "உள்ள வலிச்சுதுங்களா?" என்று கேட்டாள்.

"வலிச்சுது. சொல்லிட்டேன்."

அவள் என் இடது கைக் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "மொதல்ல எப்ப வலிச்சுது?" என்றாள்.

"வியாழக்கிழம. எக்ஸ்ரே ரூம்புகிட்ட."

"அதெனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி?"

"ஞாயித்துக்கிழம. குடம் தூக்கறப்ப."

"அதுக்கு முன்னாடி?"

டாக்டர்கள் யாரும் இப்படிக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இல்லீங்க என்றுதான் சொல்லியிருப்பேன். எங்கள் வகுப்பு பள்ளிக்கூடத்து மாடியில் நடந்தது. படியேறும்போது பாதியில் நிற்பேன். கூட வந்தவர்கள், தாத்தா பாடத்தை மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். சொன்னால் பாவாயி வகுப்புக்கு அனுப்ப மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

"தை மாசம்" என்றேன்.

பாவாயி ஸ்டூலை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு, உட்கார்ந்துகொண்டாள்.

"சொல்லுங்க" என்றாள்.